அரை இஞ்சும் பன்னிரண்டு மில்லியும்

இன்றைக்கும் எங்கேயாவது ஊஞ்சல் கிறீச்சிடும் சத்தம் கேட்டால் சங்கிலி எங்கே மாட்டியிருக்கிறது என்று கண் தானாக மேலே போகும். பக்கத்தில் இருப்பவர்கள் நான் வானத்தைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

எங்களுடையது கேட், கிரில், கைப்பிடிக் கம்பி செய்கிற சாதாரண இரும்புப் பட்டறை. அண்ணனும் தம்பியும் வேலை செய்வார்கள். நடுவில் பிறந்தவள் நான். பட்டறையிலும் எனக்கு நடுவில்தான் மேசை. ஆர்டர் பிடிப்பது, சாமான் வாங்குவது, இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் தலையில். முதல் இரண்டு வேலைகளும் எனக்குக் கைவந்தவை. மூன்றாவதுதான் வரவே இல்லை.

என் இடது கைப்பக்கச் சுவர் அண்ணனுடையது. அதில் தொங்குவதெல்லாம் இஞ்சுக் கணக்கு. வலது சுவர் தம்பியுடையது, அங்கே எல்லாம் மில்லிமீட்டர். ஸ்பானர் தனி, டேப் தனி, போல்ட்டு நட்டு போடுகிற ட்ரே தனி. அண்ணன் ட்ரேக்குச் சிவப்பு அடித்திருந்தார். மறுநாளே தம்பி தன்னுடையதுக்கு நீலம் அடித்துவிட்டான்.

"கட்டை விரலை வச்சா ஒரு இஞ்சு," என்பார் அண்ணன். "அதுல பாதி அரை, அதுல பாதி கால், அதுல பாதி ஒரு நூல். கண்ணாலயே அளந்துடலாம். உன் மில்லிமீட்டரை எவன் கண்ணால பார்த்தான்?"

"மூணே முக்கால் இஞ்சோட ரெண்டு இஞ்சு அஞ்சு நூலைக் கூட்டுங்க பார்ப்போம்," என்பான் தம்பி. "நீங்க கூட்டி முடிக்கிறதுக்குள்ள நான் கம்பியை வெட்டி வெல்டும் வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்துடுவேன்."

என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆள் அஞ்சரை அடி என்றால் கண் முன்னால் வந்து நிற்கிறான். நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் என்றால் ஆளா அலமாரியா என்று கேட்கத் தோன்றும். காய்ச்சல் நூறைத் தாண்டிவிட்டது என்றால் பயம் வருகிறது. முப்பத்தெட்டரை என்றால் யாரோ வயசைச் சொல்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் அதே காய்ச்சலுக்கு மருந்து ஊற்றும்போது எனக்கு மில்லிக் கணக்குதான் வேண்டும். அரை ஸ்பூன், முக்கால் ஸ்பூன் என்று யாராவது சொன்னால் எந்த ஸ்பூன் என்று சண்டைக்குப் போவேன். மனுஷி இரண்டையும் வைத்துத்தான் காலம் தள்ளுகிறாள். இதைச் சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைப்பார்கள். அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஜன்னல் கிரில்லில் விஷயம் முற்றியது. அண்ணன் இஞ்சில் அளந்து சொன்னதைத் தம்பி மில்லிக்கு மாற்றி வெட்டினான். கிரில் ஜன்னலுக்குள் நுழையவில்லை. உன் மில்லிதான் காரணம் என்றார் இவர். உங்க நூல்தான் காரணம் என்றான் அவன். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே கூரைக்கடியில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, "ஏம்மா, அந்தக் கட்டரைக் குடுக்கச் சொல்லு" என்பார் அண்ணன். "அக்கா, கட்டர் சூடா இருக்குன்னு சொல்லு" என்பான் அவன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டரைத் தூக்கி இரண்டு பேர் தலையிலும் போட்டிருப்பேன்.

வேலை மட்டும் நிற்கவில்லை. பட்டறையில் அண்ணன் செய்து முடிப்பார். தம்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவான். அண்ணன் தன் இஞ்சுப் போல்ட்டுகளைக் கோத்து அனுப்புவார். தம்பி அங்கே போனதும் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து மில்லிமீட்டர் போல்ட்டும் நட்டும் எடுத்துப் போடுவான். கழற்றியதை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அண்ணன் ட்ரேயில் சத்தம் வரும்படி கொட்டுவான். அவர் காதில் விழாத மாதிரி நிற்பார். அந்தப் பிடிவாதத்திலும் ஒரு நன்மை இருந்தது: போல்ட்டும் நட்டும் எப்போதும் ஒரே ஆள் கையிலிருந்து போயின. அது நன்மை என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த நேரத்தில்தான் ஊஞ்சல் ஆர்டர் வந்தது. தம்பி மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு. அவளுக்கு ஆறு வயசு. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. பெரியப்பா என்றால் உயிர். பேச்சு நின்ற பிறகும் சாயங்காலம் பட்டறைக்கு வந்து, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பாள். "அப்பா ஏன் பெரியப்பாகிட்ட டூ விட்டிருக்காங்க?" என்று அவள் என்னைக் கேட்ட அன்று எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணன் தனியாக இருந்தபோது பிடித்துக்கொண்டேன். "குழந்தை ஆடப்போற ஊஞ்சல். இந்த ஒரு தடவையாவது அவனுக்கு விட்டுக்கொடுங்க அண்ணே. உங்க இஞ்சு ஒண்ணும் ஓடிப்போயிடாது." அவர் குனிந்து கம்பியை அறுக்க ஆரம்பித்துவிட்டார். தம்பி வந்ததும் அவனுக்கும் அதே அர்ச்சனை. "பெரியவரு கோத்து அனுப்புறதைக் கழட்டி எறியுறியே, உனக்கு மனசாட்சி இருக்காடா? ஒரு தடவை விட்டுக்கொடுத்தா என்ன குறைஞ்சுடப்போற?" அவனும் டேப்பை எடுத்துக்கொண்டு அடுத்த பைப்பை அளக்கப் போய்விட்டான். இரண்டு கல்லுடன் பேசிவிட்டு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஊஞ்சல் போய்ச் சேர்ந்தது. தம்பி மாட்டிவிட்டு வந்தான். மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மறுநாள் மதியம், அண்ணன் கை கழுவிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அவன் போல்ட்டைக் கழட்டிக் கொண்டாந்து கொட்டலை பார்த்தியா?"

அட, ஆமாம். நானும் அதை நினைக்கவில்லை.

"எப்படிக் கழட்டுவான்? அவனோடதே அது. நீல ட்ரேல இருந்து பன்னெண்டு மில்லி யூ போல்ட்டா எடுத்து மாட்டி, பைப்போட சேர்த்துப் பெயின்டும் அடிச்சு, மரைக்கு கிரீஸும் தடவி அனுப்பிட்டேன். அவன் பெட்டியில மில்லி நட்டுதானே இருக்கும். சும்மா முடுக்க வேண்டியதுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னேன்னு சொல்லிடாத. தலைக்கு மேல ஏறிப்பான்," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் மில்லிமீட்டரைக் கையால் தொட்டிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் பின்கட்டுக்கு ஓடினேன். தம்பி அங்கே ஒரு கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"பெரியவரு உனக்காக ஒண்ணு பண்ணியிருக்காருடா," என்று ஆரம்பித்தேன்.

அவன் சிரித்தான். "நானும்தான் பண்ணியிருக்கேன். நீ அன்னிக்குத் திட்டினியா, மனசு கேக்கலை. அவர் கோத்த போல்ட்டை இந்த வாட்டி கழட்டவே இல்லை. நேத்து காலையிலயே சிவப்பு ட்ரேல இருந்து ஒரு கைப்பிடி அரை இஞ்சு நட்டு அள்ளிட்டுப் போய் அதையே போட்டு முடுக்கிட்டேன். அவர்கிட்ட சொல்லாதக்கா."

நான் சிரித்த வாய் அப்படியே நின்றது.

இரும்புக் கடையில் சாமான் வாங்கிப் பழகியவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அரை இஞ்சு என்பது பன்னிரண்டு மில்லியைவிடக் கொஞ்சம் பெரிது. கொஞ்சம் என்றால் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தப் போல்ட்டில் இந்த நட்டு ஏறும். ஏறுவதுதான் ஆபத்து. ஏறாமல் இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பான். இது லேசாக ஏறி, முடுக்கினால் இறுகியும் நிற்கும். இந்த நட்டுக்குரிய முக்கால் இஞ்சு ஸ்பானரும் பன்னிரண்டு மில்லி நட்டுக்குரிய பத்தொன்பது மில்லி ஸ்பானரும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் ஸ்பானரும் காட்டிக்கொடுக்காது. ஆனால் உள்ளே போல்ட்டின் மரைப்பல்லும் நட்டின் மரைப்பல்லும் கவ்வியிருக்காது. நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆட ஆட அந்த நுனியும் தேயும்.

"அண்ணே, இங்க வாங்க," என்றேன்.

அவர் சோற்றுக் கையோடு வந்து நின்றார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் என் முகத்தைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார். மழைக்கு முன்னால் நின்ற பேச்சு அப்போதுதான் திரும்ப ஆரம்பித்தது.

"எந்த நட்டு போட்ட?"

"உங்களோடதுதான். அரை இஞ்சு. ஏன்?"

"போல்ட்டு உன்னோடதுடா."

தம்பி கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. "நல்லா ஏறுச்சே அண்ணே. கிரீஸ்ல வழுக்கிட்டு ஏறுதுன்னு நினைச்சேன். நானே தொங்கிக்கூடப் பார்த்தேன். தாங்குச்சே."

"நேத்து தாங்கும்," என்றார் அண்ணன்.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். இரண்டு முறை தப்பான எண். மூன்றாவது முறை ஆபீஸில் கிளார்க் எடுத்தார். ஊஞ்சலில் யாரையும் ஏற்ற வேண்டாம், உடனே நிறுத்துங்கள் என்றேன்.

"ஏன்மா, என்ன பிரச்சினை?"

"நட்டு மாறிப்போச்சு சார். பன்னெண்டு மில்லி போல்ட்டுக்கு அரை இஞ்சு நட்டு."

"அதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"முக்கால் மில்லிமீட்டர் சார்."

"முக்கால் மில்லிமீட்டருக்கா இவ்வளவு பதட்டப்படுறீங்க? சரி, மிஸ்கிட்ட சொல்றேன். பிள்ளைங்க இப்பதான் சாப்பிட்டுட்டு விளையாடப் போயிருக்காங்க." போனை வைத்துவிட்டார்.

ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேரும் ஏறினோம். தம்பி ஓட்டினான், நடுவில் நான், பின்னால் அண்ணன். சோற்றுக் கையைக்கூட அவர் கழுவவில்லை. கடைத்தெருவில் ஒரு சரக்கு வண்டி குறுக்கே நின்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. தம்பி ஹார்னை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. யாரோ திட்டினார்கள். எனக்கு அதெல்லாம் தூரத்தில் கேட்டது. கண்ணை மூடினால் சங்கிலி தெரிந்தது, திறந்தால் வாண்டுவின் இரட்டைச் சடை தெரிந்தது. விட்டுக்கொடு, விட்டுக்கொடு என்று இரண்டு பேர் காதிலும் ஓதியவள் நான்தானே. ஒருத்தனிடம் மட்டும் சொல்லியிருந்தால் போதும். யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நல்லது.

பள்ளிக்கூட வாட்ச்மேன் பெயர் எழுதச் சொன்னார். தம்பி அவரைத் தாண்டிப் போய்விட்டான். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். கட்டடத்தின் மறுபக்கம் திரும்பியதும் அந்தச் சத்தம் கேட்டது. கிறீச், கிறீச்.

பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். ஊஞ்சல் பலகையில் இரண்டு பேர் உட்கார்ந்து உயரமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாண்டு. அப்பாவும் பெரியப்பாவும் செய்த ஊஞ்சல் என்று சொல்லிச் சொல்லியே அவள் எல்லோரையும் விட அதிகம் ஆடியிருப்பாள். நான் மேலே பார்த்தேன். இடது பக்கத்துச் சங்கிலியைப் பிடித்திருந்த இரும்புப் பட்டை சரிந்து தொங்கியது. அந்தப் பட்டையை, மேல் பைப்பில் கவிழ்த்து மாட்டிய யூ வடிவ போல்ட்டின் இரண்டு கால்களிலும் ஒவ்வொரு நட்டு போட்டுத் தாங்க வேண்டும். ஒரு காலில் நட்டே இல்லை.

தம்பி கத்துவதற்கு மூச்சை இழுத்தான். அண்ணன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"கத்தாத. பயந்து குதிச்சுடுவா. ஒரு பக்கம் குதிச்சா மொத்த இழுப்பும் அந்த ஒத்தை நட்டு மேல போகும். தானா குறையட்டும். நீ முன்னாடி போ, நான் பின்னாடி போறேன். கையை மட்டும் காட்டு, பிடிச்சு நிறுத்திடாத."

இரண்டு பேரும் முன்னும் பின்னும் போய் நின்றார்கள். பலகை முன்னால் வரும்போது தம்பி உள்ளங்கையை அதன்மேல் லேசாக உரசவிட்டான். பின்னால் போகும்போது அண்ணன் உரசவிட்டார். நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தப் பட்டை இன்னும் கொஞ்சம் சரிவதாகத் தோன்றியது. உண்மையில் சரிந்ததா, என் கண் சரிந்ததா, இன்றுவரை தெரியாது.

"அப்பா, பெரியப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து ஆட்டுறீங்களா?" என்றாள் வாண்டு. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"ஆமாடா கண்ணு," என்றான் தம்பி. சிரித்தபடியேதான் சொன்னான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது அவனுக்கே தெரியவில்லை. "காலை நீட்டாம சும்மா உட்காரு. அப்பாவையே பாரு."

ஆட்டம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பலகை நின்றதும் தம்பி வாண்டுவைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். அண்ணன் மற்றப் பிள்ளையைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். யார் பெற்ற பிள்ளையோ, நான் அதை இறுக்கிக்கொண்ட இறுக்கில் அது அழ ஆரம்பித்துவிட்டது. மிஸ் ஓடிவந்தார்.

"ஏதோ முக்கால் மில்லி வித்தியாசம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பலகையைப் பார்த்தேன், நேராத்தானே இருக்கு. அதான் விட்டுட்டேன். என்ன ஆச்சு?"

அண்ணன் பிள்ளைகளையெல்லாம் தூரமாகப் போகச் சொன்னார். பிறகு இடது பக்கச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். பெரிய பலம் ஒன்றும் போடவில்லை. மிச்சமிருந்த ஒரு நட்டு சுற்றாமலேயே சறுக்கிக்கொண்டு கழன்று வந்தது. பட்டையும் சங்கிலியும் கீழே விழுந்த சத்தத்தில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பட்டை விழுந்தது அடுத்து ஏறவிருந்த பிள்ளை நின்ற இடத்தில். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

அண்ணன் தரையில் உட்கார்ந்தார். அவர் அப்படிப் பொத்தென்று உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாண்டு அப்பா கையிலிருந்து நழுவி இறங்கி அவரிடம் ஓடினாள்.

"பெரியப்பா, இது உங்களோடதா?" என்று வலது கையை நீட்டினாள். நடுவிரலில் மோதிரம் மாதிரி ஒரு நட்டைப் போட்டிருந்தாள். "காலையில ஆடும்போது மேல இருந்து விழுந்துச்சு. மோதிரமா வச்சுக்கலாம்னு எடுத்தேன். ஆனா லூசா இருக்கு."

காலையிலிருந்து. அவ்வளவு நேரமும் ஒற்றை நட்டின் நுனி மரையில். அவள் விரலை ஆட்டிக் காட்டினாள். நட்டு கழன்று அண்ணன் மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே அது எது என்று அவருக்குத் தெரியும்.

"இது பெரியப்பாவோடதா, அப்பாவோடதா?" என்று மறுபடி கேட்டாள் அவள்.

"என்னோடது," என்றார் அண்ணன். "என்னோடதுடா," என்றான் தம்பி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"போட்டது நான்தானே அண்ணே."

"நட்டு என்னோடதுடா. போல்ட்டு மாத்தினதைச் சொல்லாதது நான்."

"கேக்காதது நான்."

"நீ சின்னவன், உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாதா? மரை பிடிக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

மிஸ் முன்னால், சத்தம் கேட்டு வந்த கிளார்க் முன்னால், அத்தனை பிள்ளைகள் முன்னால், அழுதுகொண்டே அதற்கும் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். நான் விலக்கிவிடவில்லை. வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நட்டு இருந்த அந்த விரலில் கருப்பாகக் கிரீஸ் படிந்திருந்தது. என் சேலையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

"பெரியப்பாவும் அப்பாவும் பேசிட்டாங்க அத்தை," என்று என் காதில் சொன்னாள் அவள்.